நோகாத கண்ணைத்தான் பார்க்க வேணும்

சனிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் மகனுக்கு ஆறாவது பிறந்தநாள். ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நின்று அம்மா கட்லெட் உருட்டிக்கொண்டிருந்தா. உப்புப் போத்தலை நீட்டத் திரும்பினபோதுதான் அவவின் முகத்தை வடிவாகப் பார்த்தேன். இடது கண்ணின் வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு. அது கோர்னியா மாற்றிய கண்.

"எப்பயிருந்து அம்மா இது?"

"நேற்று விடியயிருந்து பிள்ளை. ஒண்டுமில்லை. நோகேல்லை."

இந்தமுறை பத்தி முழுக்க அந்த "நோகேல்லை"யைப் பற்றித்தான்.

அம்மாவுக்குப் பத்து வயதில், ஊரில் வேலி அடைக்கும்போது பனையோலை விளிம்பு கண்ணில் பட்டது. அது புண்ணாகி, ஆறி, கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கோர்னியாவில் ஒரு வெள்ளைத் தழும்பை விட்டுப் போனது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அவ ஒரு கண்ணால்தான் எங்களை வளர்த்தா. லண்டனில் சத்திரசிகிச்சை செய்து, தழும்பு விழுந்த கோர்னியாவை முழுத் தடிப்புக்கும் வட்டமாக வெட்டி எடுத்து, இறந்த ஒருவர் தந்த கோர்னியாவைப் பொருத்தினார்கள். பதினாறு தையல். தலைமயிரை விட மெல்லிய நைலோன் நூல்.

முதல் இரண்டு மாதமும் நாங்கள் காத்த காவல் கோவில் காவல்தான். இரவில் பிளாஸ்டிக் கண்மூடி, மருந்துக்கு அட்டவணை, பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. மூன்றாம் மாதம் அம்மா தானே மருந்து விடத் தொடங்கினா. ஆறாம் மாதம் அட்டவணை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து விழுந்தது. ஒருவரும் எடுத்து ஒட்டவில்லை. எட்டாம் மாதம்தான் இந்தச் சனிக்கிழமை வந்தது.

எங்களுடைய பிழை எது என்று பிறகுதான் விளங்கியது. ஆபத்து சத்திரசிகிச்சையோடு ஒட்டினது, காயம் ஆறினால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். உண்மையில் தையல் கண்ணில் இருக்கும்வரை, ஸ்டெரொயிட் துளிகள் விடும்வரை, ஆபத்தும் இருக்கும். முழுத் தடிப்புக் கோர்னியா மாற்றினால் தையல்கள் ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு அதற்கும் மேலே இருக்கும். ஸ்டெரொயிட் துளியும் பலருக்கு ஒரு வருடத்துக்குக் குறையாது. புதிய கோர்னியாவை உடம்பு அந்நியன் என்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் அந்த மருந்து. ஆனால் உடம்பின் காவலை அது அடக்கி வைக்கும்போது, கிருமிக்கும் சேர்த்தே கதவு திறந்துவிடுகிறது.

நோகாததற்குக் காரணம் இதைவிட எளியது. உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடங்களில் ஒன்று கோர்னியா. ஒரு தூசி விழுந்தாலே துடித்துப் போகிறோமே, அதனால்தான். வட்டமாக வெட்டும்போது அந்த நரம்புகளும் வெட்டுப்படும். அவை திரும்ப வளர மாதங்கள், வருடங்கள் எடுக்கும். முழுதாக வளராமலும் போகலாம். அதனால் அம்மாவின் கண்ணில் ஒரு தையல் தளர்ந்து நீட்டிக்கொண்டிருந்ததும், அதில் பீளை சேர்ந்ததும், கிருமி குடியேறினதும் அவவுக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச நோவையும் சிவப்பையும் ஸ்டெரொயிட் மூடி வைத்தது. சாதாரணக் கண்ணில் இது ஒரு நாளில் ஆளை அழ வைத்திருக்கும்.

இனி நான் சொல்லப் போவது எனக்கே வெட்கமான விஷயம். சிவப்பைக் கண்டதும் நான் செய்த முதல் வேலை ஃபிரிட்ஜைத் திறந்தது. மூன்று கிழமைக்கு முதல் மகள் நேர்சரியில் இருந்து கண்நோயோடு வந்தபோது வாங்கின குளோரம்ஃபெனிக்கோல் போத்தல் அரைவாசி மிச்சம் இருந்தது. "ரெண்டு துளி விட்டுப் பாப்பம், திங்கள் காலமை ஜீபியைக் கூப்பிடுவம்" என்று சொல்லியும் விட்டேன். மறித்தது தம்பி. "அக்கா, அந்த டிஸ்சார்ஜ் பேப்பர் எங்க?" என்று கேட்டான். அதில் ஒரு அவசர இலக்கம் இருந்தது. எடுத்தபோது நேர்ஸ் இரண்டே கேள்விதான் கேட்டா: எந்த வகைச் சத்திரசிகிச்சை, எப்போதிருந்து சிவப்பு. பிறகு, "இப்பவே வாருங்கள்."

அங்கே விளக்கொளியில் பார்த்த டொக்டர், தளர்ந்த தையலுக்குப் பக்கத்தில் கடுகு அளவு வெள்ளைப் பொட்டு ஒன்றைக் காட்டினார். அதைச் சுரண்டி மாதிரி எடுத்து, தையலைக் கழற்றி, அன்டிபயோட்டிக் துளிகள் தந்தார்கள்: இரண்டு நாளைக்கு, இரவும் பகலும், மணிக்கொரு தடவை. நானும் தம்பியும் அலாரம் வைத்து முறை மாறி எழும்பினோம். மகன் கேக் வெட்டினபோது அம்மம்மா மேல் அறையில். கண் தப்பியது. ஓரத்தில் சின்னத் தழும்பு ஒன்று மிச்சம். நடுவில் இல்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். திங்கள் வரைக்கும் விட்டிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்தப் பழைய போத்தலை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? குளோரம்ஃபெனிக்கோல் சில கிருமிகளைக் கொல்லும். கோர்னியாவை மிக வேகமாகத் தின்னும் சூடோமோனாசை அது தொடாது. அரைகுறையாக மருந்து விட்ட கண்ணிலிருந்து மாதிரி எடுத்தால் எந்தக் கிருமி என்று பிடிப்பதும் கஷ்டம். போத்தலோ கண்நோய் வந்த பிள்ளையின் கண்ணருகே போய் வந்தது. 2005 முதல் இங்கே இந்த மருந்தைச் சீட்டில்லாமல் ஃபார்மசியில் வாங்கலாம். கடந்த ஆறு மாதத்தில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தாங்களாக வாங்கிப் பாவிக்கக்கூடாது என்று அதோடு வரும் தாள் சொல்கிறது. எட்டு மாதம் என்றால் பரவாயில்லை என்று வாசித்து விடாதேயுங்கோ. கோர்னியா மாற்றின கண்ணுக்கு அந்த ஆறு மாதக் கணக்கு பொருந்தாது.

இங்கத்தைய கண் ஆஸ்பத்திரிகளில் நான்கு அடையாளங்களை ஆர்.எஸ்.வி.பி. என்று சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் கலியாணக் காட்டில் கீழ்மூலையில் வரும் அதே எழுத்துகள்தான். சிவப்பு, வெளிச்சத்துக்குக் கூச்சம், பார்வை மங்கல், நோ. கோர்னியாவை உடம்பு நிராகரிக்கத் தொடங்கினாலும் இவைதான் தெரியும், கிருமி தொற்றினாலும் இவைதான் தெரியும். வீட்டில் வைத்து எது என்று பிரிக்க முடியாது. சிக்கல் என்னவென்றால் வைத்தியம் எதிரும் புதிரும். நிராகரிப்புக்கு ஸ்டெரொயிட்டைக் கூட்ட வேணும். தொற்றுக்கு அதைக் குறைக்க வேண்டி வரலாம், பங்கசு என்றால் ஸ்டெரொயிட் எரிகிற நெருப்பில் எண்ணெய். ஆகவே ஸ்டெரொயிட்டைத் தானாகக் கூட்டவும் கூடாது, பயத்தில் தானாக நிறுத்தவும் கூடாது. நான்கு அடையாளமும் சேரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. ஒன்று போதும், அதே நாள் காட்ட வேணும். ஜீபி வேண்டாம், நேரே கண் அவசரப் பிரிவு. உங்கள் ஆஸ்பத்திரி தந்த இலக்கம்தான் முதல். அது கைவசம் இல்லாவிட்டால், சிட்டி ரோட்டில் உள்ள மூர்ஃபீல்ட்சின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இருந்து என்றால் பாலமிலோ டூட்டிங் பெக்கிலோ நோதர்ன் லைன் எடுத்து ஓல்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கினால், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிலத்தில் பச்சைக் கோடு போட்டிருக்கிறார்கள். பார்வை குறைந்த ஆட்களுக்காகப் போட்ட கோடு அது.

"ஆரோ செத்த ஆளின்ர கண்ணிலயிருந்துதானே கிருமி வந்திருக்கும்?" என்று ஒரு மாமி போனில் கேட்டா. இல்லை. இங்கே கண் வங்கியில் கோர்னியாவை 34 பாகை வெப்பத்தில் ஊட்டத் திரவத்தில் நான்கு கிழமை வரை வைத்திருப்பார்கள். பக்டீரியாவோ பங்கசோ இருந்தால் அந்தத் திரவத்தைச் சோதிக்கும்போது பெரும்பாலும் தெரிந்துவிடும். எட்டு மாதம் கழித்து வரும் தொற்று எங்கள் வீட்டில் இருந்துதான் வருகிறது. (அம்மாவுக்கு இருந்த சந்தேகம் வேறு: "சிலோன் கண்ணோ பிள்ளை?" டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின இலங்கைக் கண்தானச் சங்கம் உலகமெல்லாம் கோர்னியா அனுப்பியது அவவுக்குத் தெரியும். இது இந்த நாட்டு ஆள் ஒருவரின் கொடை என்று சொன்னேன். "அப்ப இனி இங்கிலீஷ் வாசிக்கலாம்" என்றா.)

வீட்டில் இருந்து எப்படி வருகிறது? முதலில் கை, அடுத்தது போத்தல்.

அம்மா மருந்து விடுவதை நான் பல மாதம் பார்க்கவேயில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பக்கத்தில் இருந்து பார்த்தேன். போத்தல் நுனி இமைமயிரில் முட்டியது. வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. அதே தலைப்பில்தான் குசினியில் கையும் துடைக்கிறது. இரண்டு மருந்தை அடுத்தடுத்து விட்டா. இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போனது. ஒருவரும் அவவுக்குச் சரியாகக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் காட்டினார்கள், நான் தலையாட்டினேன், அவவும் தலையாட்டினா.

இப்போது செய்கிற முறை இது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, புதுக் கடதாசித் துவாயில் துடைக்கிறது. கதிரையில் சாய்ந்து மேலே பார்க்க, கீழ் இமையை மெல்ல இழுத்து, நுனி எதிலும் முட்டாமல் ஒரு துளி. இரண்டு துளி விழுந்தால் இரண்டு பங்கு பலன் இல்லை, வழிந்து போகும். ஒரு நிமிடம் கண்ணை மூடி இருக்கிறது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. களிம்பு இருந்தால் கடைசியில். பால் போல வெள்ளையாக இருக்கும் ஸ்டெரொயிட் போத்தலை விடுமுன் நன்றாகக் குலுக்க வேணும், இல்லாவிட்டால் மருந்து அடியில் படிந்து கிடக்க மேல் தண்ணிதான் கண்ணுக்குப் போகும். போத்தல் திறந்த திகதியை அதிலேயே பேனையால் எழுதுகிறோம். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள்தான் ஆயுள். அரைவாசி மிச்சம் இருக்கே என்று எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. எறியுங்கோ. ஒருமுறை பாவனைக்கான சின்னக் குழாய்களை மூடி வைத்துப் பின்னேரத்துக்கும் விடுகிற பழக்கமும் எனக்குத் தெரியும். அதில் கிருமியைத் தடுக்கும் பதார்த்தம் இல்லை.

2023இல் அமெரிக்காவில் நடந்ததை இதோடு சேர்த்து நினைக்க வேணும். எஸ்ரிகெயார் என்ற பெயரில் விற்ற செயற்கைக் கண்ணீர்த் துளிகளால், பல மருந்துகளுக்கு அடங்காத ஒரு வகைச் சூடோமோனாஸ் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. 14 பேர் பார்வையை இழந்தார்கள். நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கிருமி தடுக்கும் பதார்த்தம் சேர்க்காமல், பலமுறை திறந்து மூடும் போத்தலில் அடைத்த மருந்து அது. செய்தது சென்னைக்கு அருகில் உள்ள ஒரு தொழிற்சாலை. ஊரில் செய்வதெல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் போகும் நல்ல கண் மருந்துகளும் மதுரையில் செய்கிறார்கள். ஆனால் விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் சூட்கேசில் கொண்டு வரும் துளிகளும், இணையத்தில் மலிவாக வரும் துளிகளும் மாற்றுக் கோர்னியா உள்ள கண்ணுக்கு வேண்டாம். கிளினிக் எழுதித் தந்தது மட்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேணும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார வழிகாட்டல்படி கண்நோய் வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக மாறிவிடும் என்பதால் அது நியாயமான விதிதான். ஆனால் அந்த விதி எழுதினவருக்கு எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மடியில் படுத்துத்தான் பிள்ளை நித்திரை கொள்ளும் என்று தெரியாது. கண்நோய் நேரத்தில் துவாய், தலையணை உறை, மருந்துப் போத்தல் எல்லாம் வேறு வேறு. உதட்டில் ஹெர்பீஸ் கொப்புளம் வந்தவர்கள், அது நானாக இருந்தாலும், கண்ணுக்கு மருந்து விட்டுக் கொடுக்கக்கூடாது, கொஞ்சவும் கூடாது. ஹெர்பீசால் பழுதான கோர்னியாவை மாற்றினவர்களுக்கு அசிக்ளோவிர் குளிசை நீண்ட காலத்துக்குக் கொடுப்பார்கள். "நல்லாத்தானே இருக்கிறன்" என்று அதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

தண்ணீர் விஷயத்தில் எனக்கே ஆச்சரியம். குழாய்த் தண்ணி குடிக்க நல்லது, கண்ணுக்கு அல்ல. அதில் அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். தென்கிழக்கு இங்கிலாந்தில் அதன் தொற்று 2010–11 தொடக்கம் ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடியதாக 2018இல் மூர்ஃபீல்ட்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் கொண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குத்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் குளியலறைத் தண்ணி கூரைக்குள் இருக்கும் தாங்கியில் நின்று வருவது வழக்கம், அந்தத் தாங்கிகளில் அது நன்றாக வாழும். கோர்னியா மாற்றினவர்களில் சிலருக்குப் பிறகு பார்வை திருத்த லென்ஸ் கொடுப்பார்கள், பாதுகாப்புக்கு மென்லென்ஸ் போட்டு விடுவதும் உண்டு. அதோடு ஷவரில் நிற்கக்கூடாது, குழாய்த் தண்ணி தொட்ட விரலால் அதைத் தொடவும் கூடாது. தலை முழுகுவது பின்பக்கம் சாய்ந்து, சலூனில் போல. எண்ணெய் முழுக்கு, சீயாக்காய் எல்லாம் டொக்டர் சொல்லும் வரைக்கும் இல்லை. நீச்சலும் அப்படித்தான்.

அம்மாவுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இவை ஒன்றுமில்லை, கோவில்தான். டூட்டிங் முத்துமாரி அம்மன் கோவிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது சுடரைத் தொட்ட கை தன்பாட்டில் கண்ணுக்குத்தான் போகும். எழுபது வருடப் பழக்கம். கைகழுவல் பற்றி ஆஸ்பத்திரித் தாளில் நிறைய இருக்கிறது, இது எந்தத் தாளிலும் இல்லை. இப்போது அவ கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறா. திருநீற்றை ஐயரிடம் கையில் வாங்கி, கண்ணை மூடி, தண்ணீரில் குழைத்த மாதிரி மெல்லிசாகப் பூசுகிறா. பொடியாகப் பூசினால் கண்ணுக்குள் உதிரும். நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர், தேன், தாய்ப்பால் என்று ஆலோசனை சொல்லும் ஆட்கள் வருவார்கள். மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கோ.

ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் கிளினிக்கில் முதலே கேளுங்கோ. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டொக்டர்கள் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கோர்னியாப் புண்ணோடு மூன்று மாதத்தில் வந்த 434 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் கண்ணில் பட்ட காயம். கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பக்டீரியாவும் பங்கசும் கிட்டத்தட்டச் சரிபாதி. லண்டனில் பங்கசு இவ்வளவு இல்லை. நெல்லுத்தாள், கரும்போலை, பனையோலை என்று இலைகுழையோடு அது கண்ணுக்கு வரும். வாசித்தபோது அம்மாவின் பத்து வயது வேலிதான் எனக்கு ஞாபகம் வந்தது. போனாலும் வெளியே கண்ணாடி போடாமல் இறங்காதேயுங்கோ. மருந்தைக் கைப்பையில் கொண்டுபோங்கோ, அங்கே அவசரத்துக்கு எந்தக் கண் ஆஸ்பத்திரி என்று முதலே விசாரித்து வையுங்கோ.

இதையெல்லாம் அம்மாமாருக்கு என்று நினைத்து வாசிக்கிற முப்பது வயதுக்காரருக்கும் ஒரு சொல். கோர்னியா மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் தெற்காசியர்களிடம் கூட. லெஸ்டரில் செய்த ஆய்வில் வெள்ளையரை விட ஏறக்குறைய நான்கு மடங்கு. பதின்ம வயதில் தொடங்கும், கண்ணைக் கசக்கக் கசக்கக் கூடும். நேரத்தோடு பிடித்தால் குரொஸ்லிங்கிங் என்ற சிகிச்சையால் நிறுத்தலாம், பிந்தினால் சிலருக்குக் கோர்னியா மாற்றுவதில் போய் முடியும். அப்படி மாற்றின ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். ஸ்ட்ரெதம் ஐஸ் அண்ட் லெஷர் சென்டரில் சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு மகளோடு போவார், தான் தண்ணியில் இறங்காமல் வாங்கில் இருப்பார். மகள் தண்ணி தெறிக்கும் தூரத்துக்கு வந்தால் எழும்பி ஒரு வரிசை பின்னால் போவார்.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் மருந்துக்கு முன் ஒரு சின்னச் சடங்கு. அம்மா ஜன்னலடியில் இருந்து நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் முருகன் கலண்டரை வாசிப்பா. நேற்று வாசித்த எழுத்து இன்றைக்கும் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஆறு வயது மகன் முன்னால் நின்று கண்ணைப் பார்ப்பான், தொடாமல், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"இண்டைக்குச் சிவப்பில்லை அம்மம்மா."

இன்னும் பதினொரு தையல் இருக்கிறது.